பொறுத்தவருக்குப் பாயிண்ட்

இது சத்தியமாக நடந்த கதை. சரி, முக்கால்வாசி நடந்தது. மீதிக் கால்வாசியை நான் ரப்பர் மாதிரி இழுத்துவிட்டேன்.

ஜலகண்டாபுரத்தில் சேலை டிசைன் போடும் ஆறு கடைக்காரர்கள் தங்கள் கம்ப்யூட்டர்களை ஒரே ஒயரில் கோத்தார்கள். ஒருவர் வேலையை ஆறும் பங்கு போட்டுச் செய்தால், நாள் முழுக்க ஓடுவது மதியத்துக்குள் முடியும். அதைப் பார்த்துக்கொள்ள வந்தவர் கண்ணாத்தாள். முன்பு தறிக்கூடத்தில் நூலைக் குச்சியில் ஏற்றித் தார் சுற்றியவர். இப்போது அவர் கீபோர்டைத் தட்டினால் பக்கத்துத் தெருத் தறியெல்லாம் வெட்கப்பட்டு நின்றுவிடும்.

ஆறு பேரும் எல்லா வேலைக்கும் ‘அவசரம்’ என்றே எழுதினார்கள். கண்ணாத்தாளோ ஏலச்சீட்டு நடத்திய கையல்லவா? வாரம் ஆளுக்குப் பத்து பாயிண்ட் கொடுத்தார். முதலில் ஓட்ட நினைப்பவர் பாயிண்டை ஏலம் கேட்கவேண்டும். சீட்டில் தள்ளிக் கேட்ட கழிவைப் பிரிப்பதுபோல, கேட்ட பாயிண்ட் பொறுத்திருந்த மற்றவர்களுக்குப் பங்கு.

பொறுத்துப் பொறுத்தே ஆறு பேரில் ஒருவரான வெள்ளியங்கிரி நாற்பது பாயிண்ட் சேர்த்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் ஞானியாகிவிட்டார்கள்.

“எனக்கென்னங்க அவசரம்? மொதல்ல அவரு ஓட்டட்டுங்க.”

கம்ப்யூட்டர்கள் சும்மா கிடந்தன. ஃபேனில் கூடு கட்டிய சிலந்தி பேரன் பேத்தி எடுத்தது.

“சனிக்கெழமைக்குள்ள ஓடலீன்னா ஒயரக் கழட்டிருவோம் அம்மிணி. நீங்க பழையபடி தார் சுத்தப் போங்க” என்றார்கள் ஆறு பேரும்.

அந்த நாற்காலியை விட்டுப்போகக் கண்ணாத்தாளுக்கு மனமில்லை. வியாழக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டார்.

“அண்ணா, சனிக்கெழம சாயங்காலம் மிச்சமிருக்கற பாயிண்ட் பூராவும் செத்துப்போயிருமுங்க.”

வெள்ளியங்கிரிக்கு வேர்த்துவிட்டது. கையில் வேலையே இல்லை. ஆனாலும் தன் பேத்தி முகத்தைச் சேலை முந்தானையில் டிசைனாகப் போடவேண்டும் என்று நாற்பதையும் ஒரே மூச்சில் ஏலம் கேட்டார். கல்யாணச் சேலை டிசைனோடு நின்ற இன்னொரு கடைக்காரர் தீனதயாளனுக்கு வாய் திறக்கவே இடமில்லை. நாற்பதும் மற்ற ஐந்து பேருக்கு ஆளுக்கு எட்டாகப் பிரிந்தது. அதுவும் செத்துவிடுமே என்று ஆளாளுக்கு ஏலம் கேட்டார்கள். சனிக்கிழமை ஆறு பெட்டியும் போட்ட சத்தம் மேட்டூர்வரை கேட்டது. ஒயரை யாரும் கழற்றவில்லை.

டீக்கடையில் நான் இவ்வளவுதான் சொன்னேன். எதிர் பெஞ்சிலிருந்த வெள்ளியங்கிரியைப் பார்த்துத் தீனதயாளன் எழுந்தார்.

“ஏனுங்க மாமா, பேத்தி மூஞ்சிக்காகக் கல்யாணச் சேலைய நிறுத்துவீங்களா?”

“மூஞ்சின்னா சொன்னே? நான் கேக்கலீன்னா கண்ணாத்தா இந்நேரம் தார் சுத்திட்டிருப்பா!”

“அவங்களக் காப்பாத்துனது என்ற பாயிண்டுங்க!”

“உன்ற எட்டு பாயிண்டும் நான் போட்ட பிச்சடா!”

தீனதயாளன் துண்டை உதறிக்கொண்டு பெஞ்சைத் தாண்டினார்.