தேவகி மேடம் அழித்த மாட்யூல்

ஓசூர் பேருந்து நிலையத்தில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது செல்போனில் ஒரு வரி வந்தது. "தேவகி மேடம் தவறிட்டாங்க. நெஞ்சுவலி. சாயந்திரம் குருபரப்பள்ளியில எடுக்கறாங்க." பஸ் வந்தது, நான் ஏறவில்லை. எதிர்ப்பக்கம் போய், குருபரப்பள்ளி வழியாகப் போகும் கிருஷ்ணகிரி பஸ்ஸைப் பிடித்தேன்.

மறுநாள் காலை தொழிற்சாலை வாசலில் ஃபிளெக்ஸ் போர்டு கட்டியிருந்தார்கள். "எங்கள் ஆவணப் பிரிவை நவீனமாக்கிய முன்னோடிக்குக் கண்ணீர் அஞ்சலி." கீழே எங்கள் பிரிவு மேலாளரின் பெயர், இறந்தவர் பெயரைவிடப் பெரிய எழுத்தில். மேடத்துடன் வேலை பார்த்த உங்களில் பலரும் அந்த போர்டைப் பார்த்திருப்பீர்கள். என்ன நடந்தது என்று நமக்கெல்லாம் தெரியும். தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

நாங்கள் லேத் மெஷின் செய்கிறவர்கள். ஒவ்வொரு மெஷினோடும் அதை இயக்கும் முறையைச் சொல்லும் ஒரு தடித்த புத்தகம் போகும். மெஷினை ஒட்டியிருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அழுத்தினால் அதே விஷயம் திரையிலும் வரும். இரண்டையும் தயாரிக்க எங்களிடம் சொந்தமாக ஒரு புரோகிராம் இருந்தது. நான் எழுதித் தருவதை அது அச்சுக்கு ஒரு விதமாகவும், பிரவுசருக்கு ஒரு விதமாகவும், பழைய ஹெல்ப் ஃபைலாக ஒரு விதமாகவும் மாற்றும். அதைப் பராமரித்தவர் தேவகி மேடம். அதில் ஹெல்ப் ஃபைல் செய்யும் பகுதியை, அந்த மாட்யூலை மட்டும் வெகுகாலம் முன்பு எழுதியவர் மேலாளர். அந்த ஃபைல் வடிவத்தை உருவாக்கியவர்களே கைவிட்டுவிட்டார்கள். புதிய கம்ப்யூட்டர்களில் அது திறப்பதே இல்லை. ஆனாலும் மெஷினோடு போகும் பழைய கம்ப்யூட்டர்களில் நாங்கள் ஏற்றி அனுப்பியது அதைத்தான்.

மேடம் தினமும் குருபரப்பள்ளியிலிருந்து பஸ்ஸில் வருவார். வீட்டில் தெலுங்கு, கேன்டீனில் கன்னடம், எங்களிடம் தமிழ். மூன்றிலும் அவருக்குப் பூசி மெழுகத் தெரியாது. நான் எழுதிய பக்கம் ஒன்றைப் படித்துவிட்டு ஒருமுறை சொன்னார்: "சார், இது நம்ம மேனேஜர் படிக்கறதுக்கு எழுதினதாட்டம் இருக்குது. மெஷின் முன்னாடி நிக்கறவனுக்கு எழுதுங்க." எனக்குக் கோபம் வந்தது. பிறகு மாற்றி எழுதினேன்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு வாடிக்கையாளரின் பட்டறையில் மாதேஷ் என்ற ஆப்பரேட்டருக்கு வலது கையில் இரண்டு விரல்கள் போயின. மெஷினில் சிக்கிய இரும்புச் சுருளை எடுக்கக் கை விட்டபோது மெஷின் சுற்றிவிட்டது. யார் தவறு என்று பார்த்து வர மேடத்தையும் என்னையும் அனுப்பினார்கள். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணலையா தம்பி?" என்று கேட்டார் மேடம்.

"ஆஃப் பண்ணணும்னு அதுல போடவே இல்லீங்களே" என்றான் மாதேஷ். "புக்க ஓனர் பீரோல வெச்சிக்கினு இருக்காரு. நாங்க கம்ப்யூட்டர்ல பாத்துத்தான் செய்யறது. அதுல இருக்கறபடிதான் செஞ்சன்."

நேராகப் பட்டறைக்குப் போய் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். சுருளை எடுக்கும் முறை வரிசையாக இருந்தது. நான் கட்டம் போட்டு எழுதியிருந்த எச்சரிக்கை, 'மெயின் சுவிட்சை அணைத்த பிறகே கையை உள்ளே விடவும்', திரையில் இல்லை. புத்தகத்தில் இருந்தது, இதில் இல்லை.

மறுநாள் மேடம் காரணத்தைக் கண்டுபிடித்தார். கட்டத்துக்குள் கட்டம் வந்தால் அந்தப் பழைய வடிவத்தால் காட்ட முடியாது. மேலாளரின் மாட்யூல் அப்படிப்பட்டதை எல்லாம் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிட்டு மேலே போய்விடும். எங்கள் எச்சரிக்கைகளில் பாதி அப்படித்தான் எழுதப்பட்டிருந்தன. அவர் பக்கம் பக்கமாகத் திறந்து எனக்குக் காட்டினார். "சீ" என்றார்.

மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேஜையில் அறிக்கை தயாராக இருந்தது. ஆப்பரேட்டரின் கவனக்குறைவு என்று ஒரே வரி. கீழே எங்கள் பெயர்கள்.

"சார், தப்பு நம்ம ஃபைல்ல இருக்குது" என்றார் மேடம். "அந்த மாட்யூல எடுத்துடணும். பிரவுசர்ல எல்லா எச்சரிக்கையும் ஒழுங்கா வருது."

"பத்து வருஷமா ஓடிட்டிருக்கு தேவகி. ஒருத்தன் தூங்கி வழிஞ்சு கைய விட்டா அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? சைன் பண்ணுங்க."

நான் கையெழுத்துப் போட்டேன். விருதுநகரிலிருந்து பிழைக்க வந்தவன், பெண் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள் என்றெல்லாம் எனக்குள் சொல்லிக்கொண்டேன். மேடம் பேனாவைத் தொடவில்லை. வெளியே வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து, "அந்தப் பக்கத்த எழுதினதே நீங்கதானே சார்" என்றார். அவ்வளவுதான்.

அந்த வாரமே அவர் மாட்யூலை எடுத்துவிட்டார். ஒளித்து வைக்கவில்லை, அழித்தார். அதன் ஃபைல்கள், மெனுவில் அதன் பெயர், அதைக் கூப்பிடும் ஒவ்வொரு வரி, எல்லாம் போயின. மாற்றக் குறிப்பில், "நீக்கப்பட்டது. எச்சரிக்கைகளை விழுங்குகிறது" என்று எழுதித் தன் பெயரைப் போட்டார். பிரவுசரில் திறக்கும் பக்கங்களை சிடியில் ஏற்றி, எல்லா வாடிக்கையாளர்களுக்கும் தானே முகவரி எழுதி அனுப்பினார்.

மேலாளருக்குத் தெரிந்த அன்று பிரிவே நடுங்கியது. "யாரைக் கேட்டு டெலீட் பண்ணீங்க? இப்பவே திரும்பப் போடுங்க!"

"போடறன் சார்" என்றார் மேடம். "எச்சரிக்கை வராம போனாலும் பரவால்லன்னு நீங்க ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. பத்து நிமிஷத்துல போடறன்."

அவர் எழுதித் தரவில்லை. மாட்யூல் திரும்பி வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை மேடத்தைப் பேக்கிங் ஷெட்டுக்கு மாற்றினார்கள். புரோகிராம் எழுதியவர் அட்டைப்பெட்டிகளில் சரியான புத்தகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நாம் கேன்டீனில் அவர் உட்காரும் மேஜையை விட்டு நகர்ந்து உட்கார்ந்தோம். சாம்பார் சோற்றைப் பிசைந்தபடி ஒருவர் அவரைக் 'காட்டிக் கொடுத்தவள்' என்றபோது நான் உட்படச் சிலர் சிரித்தோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் வாயைக் கழுவ வேண்டும் போலிருக்கிறது.

அடுத்த ஆண்டு விழாவில் காலாவதியான வடிவத்தைத் துணிந்து கைவிட்டதற்காக மேலாளருக்குக் கேடயம் கொடுத்தார்கள். மேடம் கடைசி வரிசையில் இருந்தார். மறுநாள் ஷெட்டுக்குப் போய், "வருத்தமா இருக்கா மேடம்?" என்று கேட்டேன்.

"கேடயம் எவன் வேணா வெச்சிக்கட்டும். அந்தக் குப்ப போச்சில்ல, அது போதும்" என்றார். ஒரு பெட்டியை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஆனா விழா முடிஞ்சதும் அந்தாளு எங்கிட்ட வந்து கை நீட்டறாரு சார். அதத்தான் தாங்க முடியல. நான் குடுக்கல. தொட்டாலே ஒட்டிக்கும்போல இருந்திச்சி."

மேடத்தை எடுத்த அன்று குருபரப்பள்ளியில் கூட்டம் அதிகமில்லை. மேலாளர் காரில் வந்து மலர்வளையம் வைத்தார். கூட வந்தவர் படம் எடுத்ததும் கிளம்பிவிட்டார். வேப்பமரத்தடியில் மாதேஷ் நின்றிருந்தான். கையைத் துண்டுக்குள் வைத்திருந்தான். என்னை அடையாளம் கண்டு வந்தான்.

"அந்தம்மா கையெழுத்து போடாததாலதான் சார் ரிப்போர்ட்டு செல்லாமப் போச்சி. தப்பு என்மேல இல்லன்னு ஆயி, வேலையும் போகல. ஓனரே சொன்னாரு" என்றான். பிறகு கேட்டான்: "நீங்களும் அன்னிக்கு வந்தீங்களே. நீங்களும் போடலதானே?"

"போட்டேன் மாதேஷ்" என்றேன்.

அவன் என்னை ஏசவில்லை. தலையை ஆட்டிவிட்டு விலகிப் போய், பாடையைத் தூக்குகிறவர்களோடு நின்று இடது தோளைக் கொடுத்தான்.

நேற்று மேலாளர் என்னைக் கூப்பிட்டார். கம்பெனி மலருக்கு மேடத்தைப் பற்றி ஒரு பக்கம் வேண்டுமாம். "நீங்கதான் நல்லா எழுதுவீங்க. என் வழிகாட்டுதல்ல அவங்க அந்த மாட்யூல எடுத்தாங்கன்னு ஒரு வரி சேர்த்துடுங்க" என்று சொல்லிக் கையை நீட்டினார். மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. அவரது அறிவோ துணிச்சலோ எனக்கு வரவில்லை. அந்த அருவருப்பு மட்டும் வந்திருக்கிறது. என் கைகள் மேஜைக்குக் கீழேயே இருந்தன. "அந்த வரிய நான் எழுத மாட்டேன் சார்" என்றேன்.

இன்று பேக்கிங் ஷெட்டில் மேடத்தின் நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதி முடிக்கிறேன். காலையில் என்னையும் இங்கே மாற்றிவிட்டார்கள்.