ஏரிப்புல் முளைத்த வயல்

பிள்ளைகளே, நீங்கள் பிறக்கும் முன்பு, எண்பதுகளின் தொடக்கத்தில், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஏரிக்குக் கீழே எனக்கு அரை ஏக்கர் வயல் பாகமாக வந்தது. அடுத்த போகத்துக்கு யாரிடமும் விதைநெல் கேட்டு நிற்கக் கூடாது, என் வயலிலேயே எடுத்துவிட வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். நட்டு ஒன்றரை மாதத்தில் பார்த்தேன். பயிருக்கு நடுவே சில தூர்கள் மட்டும் ஒரு சாண் கூடுதல் உயரமாக, கருகருவென்று நின்றன. விதைக்கு இவைதான் என்று பழைய வேட்டிக் கரையைக் கிழித்து ஒவ்வொன்றிலும் கட்டினேன்.

களை பறிக்கையில் உங்கள் அம்மா அதில் ஒன்றைப் பிடித்தபடி நின்றாள்.

"ஏனுங்க, இது நெல்லு இல்லீங்க. எல கழுத்தத் தொட்டுப் பாருங்க. நெல்லுன்னா அங்க சின்னதா நாக்கு இருக்கும். இது மொழுமொழுன்னு இருக்குது."

"உங்கப்பன் வூட்டு நெல்ல விட ஒசரமா இருக்குதுன்னு பொறாமையா புள்ள?"

"நாக்கில்லாத பயிர நம்பறீங்க. துணி கட்டியாச்சு, பொட்டும் வெச்சு வுடுங்க."

சொல்லிவிட்டு அதைப் பிடுங்காமல் அடுத்ததற்குப் போய்விட்டாள்.

கதிர் வந்தது. துணி கட்டிய தூர்கள் எல்லாவற்றிலும் ஊதா நிறத்தில், மயிர் சிலிர்த்த கொத்துகள். ஏரிச் சேற்றில் எருமை மேயும் அதே புல். வாய்க்கால் தண்ணீரில் விதை வந்து, நாற்றங்காலில் நாற்றோடு நாற்றாக வளர்ந்து, நாங்களே பிடுங்கி நாங்களே நட்டிருக்கிறோம். கட்டாத தூர்களைப் பார்த்தேன். அவற்றிலும் மூன்றில் ஒன்று அதுதான். தினமும் அதன் நடுவேதான் நடந்திருக்கிறேன். என் கண்ணுக்கு அது நெல்லாகவே நின்றிருக்கிறது.

அந்தப் புல்லை அறுத்தெறிய அரிவாளோடு இருவரும் இறங்கினோம். உச்சி வெயில், காற்றே இல்லை. ஆனால் தூறல் விழுகிற சத்தம் கேட்டது. அண்ணாந்து பார்த்தேன், மேகம் இல்லை. என் கை பட்ட தூரிலெல்லாம் புல்லின் மணி உதிர்ந்து தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தது. நான் நின்றால் சத்தமும் நின்றது. அடி வைத்தால் மறுபடி.

"அசையாதீங்க" என்றாள் உங்கள் அம்மா, யாரோ கேட்டுவிடுவார்கள் என்பது போல மெதுவாக.

அந்தப் போகத்தில் விதைக்கென்று ஒரு படி நெல்கூட நம்பி எடுக்க முடியவில்லை. பக்கத்து ஊரில் கேட்டு நின்றுதான் அரை மூட்டை வாங்கினேன். அடுத்த போகத்து மழை பெய்து ஒரு வாரம் இருக்கும். மூட்டையைச் சுமந்துகொண்டு வயலுக்கு வந்தேன். இன்னும் உழவே இல்லை. ஆனால் வரப்பு முதல் வரப்பு வரை பச்சை, விரித்துப் போட்டது போல.

மேல்வயல்காரர் சைக்கிளை நிறுத்தினார்.

"என்ன மச்சான், சொல்லாமயே நாத்து வுட்டுட்டயா? என்னமா சீரா மொளச்சிருக்குது! கைராசிக்காரன்தான் போ!"

மூட்டையை எங்கே இறக்குவது என்று தெரியாமல் வரப்பிலேயே நின்றேன்.