அயாஷிக்குக் கிடைத்த வியாழக்கிழமைகள்

ஸ்பெயினுக்கு எதிர்க்கரையில் இருக்கும் தான்ஜியரில் நானும் அயாஷி அண்ணனும் பல வருடங்கள் ஒரே டாக்சியை ஓட்டினோம். பகல் அவருக்கு, ராத்திரி எனக்கு. சாயங்காலம் திராதெப் மேட்டில், பிஸாரா விற்கும் கடை வாசலில் வண்டி கை மாறும். சூடான அந்த மொச்சைக் கூழில் ஆலிவ் எண்ணெயை ஊற்றி, சீரகத்தூளைத் தூவி, ரொட்டியைப் பிட்டுத் தோய்த்துக்கொண்டே அன்றைக்கு வண்டியில் ஏறிய ஆட்களைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கவைப்பார். துறைமுகத்துக்குப் போனவர்களைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கமாட்டார். அப்படி யாராவது ஏறியிருந்தால் அன்றைக்குக் கூழைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார் என்பதால் எனக்குத் தெரிந்துவிடும்.

அவருக்கு ஒரே மகள், ஷாமா. ஸ்பெயினின் வடகோடியில், பில்பாவ் என்ற ஊரில், முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. வயதானவர்களைக் குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவது. ஆகஸ்டில் ஒருமுறை ஊருக்கு வருவாள். மற்ற மாதங்களில் போன்தான்.

அயாஷியின் மனைவி இறந்தது ஒரு டிசம்பர் குளிரில். காலையில் உயிர் போயிற்று, பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கமும் முடிந்துவிட்டது. ஷாமா விமானம் மாறி மாறி வந்து சேர்ந்தபோது மூன்றாம் நாள். நேராகக் கல்லறைக்குப் போனாள். ஈரமண்ணில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. அயாஷிதான் பிடித்துத் தூக்கினார். அன்றைக்கு அவள் சொன்னது எனக்கும் காதில் விழுந்தது.

"உங்களுக்கும் நான் மூணாம் நாள் வந்து நிக்கமாட்டேன் வாப்பா. உங்களை என்கூடக் கூட்டிட்டுப் போயிடுறேன்."

"வயசானவங்களை வேலையில பாக்குறது பத்தாதுன்னு வீட்டுலயும் ஒண்ணு வேணுமா உனக்கு?" என்றார் அவர். ஆனால் அவர் மனசு அன்றைக்கே கிளம்பிவிட்டது.

பெற்றோரை அழைத்துக்கொள்ள அந்த நாட்டில் வழி இருந்தது. அறுபத்தைந்து வயது தாண்டியிருக்க வேண்டும், தாண்டியிருந்தார். பிள்ளைதான் காப்பாற்றுகிறது என்று காட்ட வேண்டும், காட்டினாள். வீட்டில் இடம் இருக்க வேண்டும். இரண்டு அறை உள்ள வீட்டுக்கு மாறினாள். ஒவ்வொன்றும் முடியும்போது அயாஷி கடைக்காரரிடம் எனக்கும் சேர்த்து ஒரு கிண்ணம் சொல்லுவார். காசாபராத்தா பழைய சாமான் சந்தையில் முழங்கால்வரை வரும் மழைக்கோட்டு ஒன்று வாங்கினார். பில்பாவில் வருஷம் பூராவும் மழையாம்.

கடைசியாக ஒன்று மீதி இருந்தது. ஸ்பெயினில் அரசு ஆஸ்பத்திரி அவர் செலவை ஏற்காது. ஆகவே எல்லா நோய்க்கும் சேர்த்து முழுமையான மருத்துவக் காப்பீடு ஒன்றை அவர் பெயரில் எடுத்துக் காட்டினால்தான் விசா.

"அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல," என்றார் அயாஷி. "நம்ம டாக்சிக்கே இன்ஷூரன்ஸ் இருக்கு. அதைவிடவா நான் மோசமா ஓடுறேன்?"

காப்பீட்டுக் கம்பெனியின் டாக்டர் போனில் பேசுவார் என்று சொல்லியிருந்தார்கள். வண்டி கை மாறும் நேரத்தில்தான் அழைப்பு வந்தது. டாக்சிக்குள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உட்கார்ந்தோம். எங்கள் ஊர்க்காரர்கள் ஸ்பெயின் தொலைக்காட்சி பார்த்து வளர்ந்தவர்கள். அந்த மொழி அயாஷிக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஷாமாவும் அங்கிருந்து இணைப்பில் இருந்தாள்.

டாக்டர் ஒரு இளம்பெண். மரியாதையாகப் பேசினாள். சிகரெட் உண்டா, குடி உண்டா என்றெல்லாம் கேட்டு வந்தவள், "இதுவரைக்கும் ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கா சார்?" என்றாள்.

"சின்ன வயசுல சுன்னத்து பண்ணாங்க டாக்டரம்மா. அதோட சரி. அப்புறம் யாரையும் கத்தி வைக்க விட்டதில்ல."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அயாஷி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"வாப்பா," என்றாள் ஷாமா.

"நீ சும்மா இரு மகளே, நாங்க பேசிட்டிருக்கோம்."

"டாக்டர், ஆறு வருஷத்துக்கு முன்னாடி இவருக்கு பைபாஸ் ஆச்சு. சர்க்கரையும் இருக்கு. ரெண்டுக்கும் தினம் மாத்திரை சாப்பிடுறார்."

சிறிது நேரம் தட்டச்சு சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தப் பெண், பரிசீலித்துச் சொல்கிறோம் என்று சொல்லி வைத்துவிட்டாள். அவர்கள் பரிசீலித்தது அன்றைக்கே தெரிந்துவிட்டது. முடியாது என்று பதில் வந்தது.

"பெத்த பொண்ணே காட்டிக்கொடுத்துட்டா, பாத்தியா," என்றார் அயாஷி. அதன்பிறகு அவள் அழைத்தால் போனை எடுக்கவில்லை. சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் என்னை அழைத்தாள். நான் பேசாமல் போனை அவர் காதில் வைத்தேன்.

"வாப்பா, வைக்காதீங்க. ஒரு நிமிஷம் கேளுங்க. நீங்க இங்க வந்து ஒரு நாள் நெஞ்சைப் பிடிச்சுட்டு விழுந்தீங்கன்னா, அவங்க முதல்ல பாக்குறது உங்க நெஞ்சு தழும்பைத்தான். இவர் பொய் சொல்லிச் சேந்தவர்னு கையை விரிச்சுடுவாங்க. ஆஸ்பத்திரி வாசல்ல உங்களை வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

அவர் காதைப் போனில் நன்றாக அழுத்திக்கொண்டார். பிறகு, "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

அடுத்த கம்பெனி ஒப்புக்கொண்டது, இதயத்தை மட்டும் விட்டுவிட்டு. "இதயத்தை இங்கயே உன்கிட்ட விட்டுட்டு வரச் சொல்றாங்க ஜிலாலி," என்றார் என்னிடம். "மத்த உடம்புக்கு அவங்க பொறுப்பாம்." ஆனால் விசா அலுவலகம் அதை ஏற்கவில்லை. எதையும் விலக்காத காப்பீடுதான் வேண்டும் என்றது. இன்னொரு கம்பெனி இதயத்தைப் பொருட்படுத்தவில்லை. சோதனை முடிவுகள் நன்றாக இருந்தால் போதும் என்றது. சோதனைகள் எடுத்து, அவற்றை மொழிபெயர்த்து, முத்திரை வாங்கி அனுப்புவதற்குள் அவருக்கு எழுபது முடிந்துவிட்டது. எழுபதைத் தாண்டிய புது ஆட்களை அவர்கள் சேர்ப்பதில்லையாம்.

ஒரு வாரம் போய்ப் பார்த்துவிட்டு வரவாவது விடுங்கள் என்று சுற்றுலா விசா கேட்டார். நிரந்தரமாகப் போக மனுப் போட்டவர் திரும்பி வருவாரா என்ற சந்தேகத்தில் அதுவும் கிடைக்கவில்லை.

"நான் அங்க வந்துடுறேன் வாப்பா," என்றாள் ஷாமா.

"வந்து? இருபத்திரண்டு வயசுல போனவ நீ. அங்க உனக்குன்னு ஒரு வாழ்க்கை இருக்கு. இங்க என் சாக்ஸைத் துவைச்சுட்டு உக்காந்திருப்பியா? நீ வந்தா நான் கதவைத் திறக்கமாட்டேன்."

அந்தக் குளிர்காலத்தில் அவருக்கு நுரையீரலில் சளி கட்டிவிட்டது. கிழக்குக் காற்று ஓயாமல் அடித்த வாரம் அது, கப்பல்கள்கூட ஓடவில்லை. நான் சூப்பு எடுத்துக்கொண்டு போவேன். சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, அவர் படுத்திருக்கும் பக்கம் திருப்பிவிடுவேன். ஷாமா, அவர் இருமுவதையும், இருமி முடித்துக் கண்ணை மூடுவதையும் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒருமுறை மெல்ல, "ஜிலாலி அண்ணே, தலையணையை இன்னும் கொஞ்சம் உயர்த்தி வைங்க," என்றாள். "முதுகைக் கீழேயிருந்து மேலே தட்டிவிடுங்க. அப்படி இல்ல, உள்ளங்கையைக் குழிச்சு வச்சு." அவள் சொன்ன மாதிரியே தட்டினேன். என் கையை அவர் மகள் கை என்று நினைத்தாரோ என்னவோ, கண்ணைத் திறக்காமலே பிடித்துக்கொண்டார்.

உடம்பு தேறி மறுபடி வண்டி எடுத்தார். ஆனால் ஷாமா விசாவைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். புதுக் கம்பெனி எதையும் தேடவில்லை. அழைப்பதும் குறைந்தது. "அலுத்துப்போச்சு போல அவளுக்கு," என்றார். "எத்தனை நாளைக்குத்தான் ஒரு கிழவனை இழுத்துட்டே இருப்பா?" அன்றைக்கு அவர் துறைமுகச் சவாரி எதுவும் ஏற்றியிருக்கவில்லை. ஆனாலும் கூழ் பாதி அப்படியே இருந்தது.

வசந்தகாலத்தில் ஒரு நாள், நாங்கள் கடை வாசலில் இருந்தபோது அவளுடைய முகம் போனில் வந்தது. காற்றில் முடி பறந்துகொண்டிருந்தது.

"வாப்பா, எனக்குப் பின்னாடி என்ன தெரியுது, பாருங்க."

"கடல் தெரியுது. மலை தெரியுது. உங்க ஊர்ல எப்பவும் மழைன்னு சொன்னியே, வெயில் அடிக்குது?"

"மலையை நல்லாப் பாருங்க."

அவர் போனைக் கண்ணருகே கொண்டுபோனார். "அது நம்ம கரையில இருக்கிற மூஸா மலைதானே?"

"செப்தாவுல இருக்கேன் வாப்பா. இங்க ஒரு முதியோர் இல்லத்துல வேலைக்குச் சேந்துட்டேன். நேத்துதான் வந்தேன்."

செப்தா எங்கள் கரையிலேயே இருந்தாலும் ஸ்பெயினின் ஊர். வேலியும் காவலும் உண்டு. விசா இல்லாமல் அயாஷி உள்ளே கால் வைக்க முடியாது. ஆனால் அவள் வெளியே வரலாம். வேலியைத் தாண்டி நடந்தால் ஃப்னீதெக், எங்கள் நாட்டு ஊர்.

அயாஷி முதலில் கத்தினார். பில்பாவில் அவளை மேற்பார்வையாளர் ஆக்கவிருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். செப்தாவில் மறுபடி கடைநிலையிலிருந்து தொடங்கியிருந்தாள். "யாரைக் கேட்டு இப்படிப் பண்ணே?" என்றார். "யாரைக் கேட்டாலும் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பாங்க," என்றாள் அவள். அவர் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, கடைச் சுவரின் பக்கம் திரும்பி நின்று அழுதார். கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் இன்னொரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தார்.

அடுத்த மாதம் டாக்சியை என்னிடம் முழுதாக ஒப்படைத்துவிட்டு ஃப்னீதெக்கில் ஒரு மாடி அறைக்குக் குடிபோனார். எழுபது வருஷம் வாழ்ந்த ஊரைவிட்டு இரண்டு பெட்டிகளோடு போனார். கிளம்பும் முன் கல்லறைக்குப் போய் மனைவியிடம் நெடுநேரம் பேசிவிட்டு வந்தார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை.

கோடையில் போய்ப் பார்த்தேன். வியாழக்கிழமை ஷாமாவுக்கு விடுமுறை. காலையிலேயே மத்தி மீன் வாங்கி, மல்லியும் பூண்டும் அரைத்துத் தடவி வைத்திருந்தார். பொறுக்கமாட்டாமல் எல்லை வரைக்கும் என்னை இழுத்துக்கொண்டு நடந்தார். கம்பித் தடுப்புகளுக்கு நடுவில் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. அவள் வெளியே வந்ததும் அவர் முதலில் பையைத்தான் வாங்கிக்கொண்டார். பிறகு அவள் தலையைத் தன் பக்கம் இழுத்து முத்தமிட்டார்.

"இளைச்சுட்டே," என்றார்.

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க."

"போன வாரமும் இளைச்சுதான் இருந்தே."

பகல் முழுவதும் அவள் பேசினாள், தூங்கினாள், அவருடைய கால் நகங்களை வெட்டிவிட்டாள், இரத்த அழுத்தம் பார்த்தாள். மீன் முள்ளை யார் யாருக்கு எடுத்துக்கொடுப்பது என்று வாப்பாவும் மகளும் சண்டை போட்டார்கள். சாயங்காலம் மறுபடி எல்லைக்கு நடந்தோம். மறுநாள் விடியற்காலை அவளுக்கு வேலை. கூட்டத்தில் அவள் தலை மறையும்வரை கையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"இப்ப நிம்மதிதானே அண்ணே?" என்று கேட்டேன்.

"முன்னாடி வருஷத்துக்கு ஒரு தடவை அழுவேன் ஜிலாலி. இப்ப வாரத்துக்கு ஒரு தடவை," என்றார். "அவ அங்க யாரோ ஒரு கிழவனுக்கு நாளைக்குக் காலைச் சாப்பாடு ஊட்டப்போறா. அவன் மேல எனக்குப் பொறாமையா இருக்கு. வெக்கமாவும் இருக்கு."

விசா மனு இன்னும் தள்ளுபடியாகவில்லை. எழுபது தாண்டியவர்களைச் சேர்க்கும் கம்பெனி ஒன்று இருப்பதாக யாரோ சொல்லி, ஷாமா அவர்களுக்கு எழுதியிருக்கிறாள். பதில் வரவில்லை. அயாஷி எல்லைப் பக்கமே பார்த்தபடி இன்னும் சற்று நேரம் நின்றார். பிறகு, மீதி மீனை எனக்குக் கட்டித்தர வேண்டும் என்று வேகமாக வீட்டுக்கு நடந்தார்.