முலாம் பிரிவின் மீன்கள்

கார்க் கதவுக் கைப்பிடிகள் செய்யும் எங்கள் தொழிற்சாலை கரமனை ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில், அவற்றை வாங்கும் கார் நிறுவனம் எங்களைத் திருத்தப் புறப்பட்டது. தரம் வேண்டும், சரக்கு குவிந்து கிடக்கக் கூடாது, ஆறு கெடக் கூடாது. தரப் பிரிவில் இருந்த என் தலையில்தான் எல்லாம் விழுந்தது. எனக்கு அதில் பெருமைதான், பொய் சொல்வானேன்.

முதலில் பெஞ்சுகளுக்கு அடியிலிருந்து கைப்பிடி மூட்டைகளை வெளியே இழுத்தோம். ஆபத்துக்கு உதவும் என்று ஆளாளுக்குப் பதுக்கியது. பாதி கறுத்துப் போயிருந்தது. பிறகு ஒவ்வொரு பிரிவிலும் ஒரு சிவப்புப் பொத்தான் வைத்தோம். கோளாறு கண்டால் யாரும் அமுக்கலாம், வேலை நின்றுவிடும். அமுக்கியவரை ஒரு சொல் சொல்லக் கூடாது. இந்த விதியை எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னவள் நான்.

முலாம் பூசும் பிரிவின் கழிவுநீரைச் சுத்தம் செய்து, ஒரு கண்ணாடித் தொட்டி வழியாக ஓடைக்கு விட்டோம். தொட்டியில் மீன்கள். மீன் நீந்தினால் தண்ணீர் நல்லது என்று அர்த்தம். யார் வந்தாலும் மேலாளர் முதலில் அங்கேதான் கூட்டிப் போவார்.

அந்தப் பிரிவின் ஃபோர்மேன் நாகர்கோவில் பக்கத்துக்காரர், சரியான சிடுமூஞ்சி. மீனுக்குத் தீனி போடும்போது மட்டும் முகம் இளகும். இளகாமல் என்ன? தண்ணீரில் குறை கண்டால் அவர் பிரிவையே மூடச் சொல்லிவிடுவார்கள். அவரும் அவருடைய ஆட்களும் வேலையில் இருப்பது அந்த மீன்களின் கையில் இருந்தது.

கார் நிறுவனத்தார் தரச் சான்றிதழுக்காக ஆய்வு செய்ய வரும் நாளன்று காலை மீன்கள் மல்லாந்து மிதந்தன.

“சாலைக் கடையிலேந்து வேற மீன் வாங்கி விட்டா, ஒரு மணிக்கூர் தாங்காதோ? அவங்க ஏர்போர்ட்ல எறங்கியாச்சு” என்றார் மேலாளர்.

ஃபோர்மேன் என்னைப் பார்த்தார். “பொத்தான அமுக்கினா யாரும் ஒண்ணும் சொல்லப்பிடாதுன்னு நீங்கதானே சொன்னிய, மேடம்?”

“ஆமாம்” என்றேன்.

“அப்ப அமுக்குதேன். இந்தத் தண்ணி ஆத்துக்குப் போவாண்டாம்.”

வந்தவர்கள் செத்த மீன்களையும் நின்றுபோன பிரிவையும் பார்த்தார்கள். விஷயத்தைக் கேட்டுக் கைதட்டி, ஃபோர்மேனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். யாரும் அவரை ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் சில வாரங்களில் முலாம் வேலையை வேறு ஊருக்கு, வேறொரு ஆற்றங்கரைக்கு, ஒப்பந்தத்தில் கொடுத்துவிட்டு அந்தப் பிரிவை எங்கள் நிர்வாகம் மூடியது. எங்கள் கழிவுநீர்ப் பிரச்சினை தீர்ந்தது. சான்றிதழும் வந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கடைசி நாள் ஃபோர்மேன் தீனி டப்பாவோடு தொட்டியருகே நின்றார். வருகிறவர்களுக்குக் காட்டப் புது மீன்கள் விட்டிருந்தார்கள்.

“இனி இதுக்குக் கொழாத் தண்ணிதானா, மேடம்?”

“ஆமாம்.”

“அப்ப சாவாது” என்றார். ஒரு சிட்டிகை போட்டுவிட்டு டப்பாவை என் கையில் கொடுத்தார்.