பத்தியத்துக்குப் பதினைந்து டப்பா

எங்கள் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்த அன்று தெருவே கூடிச் சிரித்தது. ஏற்காட்டில் மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. அடுப்பருகே வைத்து உருக்கித்தான் தலையில் தேய்க்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு ஃபிரிட்ஜ்! பக்கத்து வீட்டுப் பெண் காப்பித் தோட்டத்தில் வேலை செய்பவள். என்னைவிட இரண்டு வயது இளையவள், அதற்குள் நான்கு பிள்ளை பெற்றவள். அவள் வாசலில் நின்றுகொண்டு, "ஏனுங்க டீச்சர், காசு குடுத்துக் குளுர வாங்கிட்டு வந்திருக்கீங்களே, சன்னலத் தொறந்து வெச்சாப் போதாதுங்களா?" என்றாள். நானும் சிரித்துவைத்தேன். உள்ளுக்குள் எரிச்சல்தான்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் வாழவந்திப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். காலை பஸ்ஸில் போனால் பொழுது சாயும்போதுதான் திரும்புவேன். என் வீட்டுக்காரர் ஓர் எஸ்டேட்டில் ரைட்டர். விடிவதற்குள் போய் மஸ்டரில் ஆட்களின் வருகையைக் குறித்து, காடு காடாக அலைந்து, எனக்கும் பிறகு வீடு சேருவார். இருவரும் வந்த களைப்பில் ரவையைக் கிளறித் தின்றுவிட்டுப் படுத்தோம். அந்த இரண்டு வருடமும் அப்படியே ஓடியது. உடம்பில் ரத்தமே இல்லை என்று டாக்டரம்மா என்னைத் திட்டிய பிறகுதான், மலையை விட்டுப் போன ஒரு பங்களாக்காரர் விற்ற அந்தப் பழைய ஃபிரிட்ஜை அவர் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

வீட்டில் சமைத்துப் போட வேறு ஆள் இல்லை. அவர் மலையில் சாமையும் பலாவும் விளைவித்த விவசாயக் குடும்பம். நான் கீழ்நாட்டிலிருந்து காப்பி பறிக்க வந்த குடும்பம், லைன் வீட்டில் பிறந்தவள். நாங்களாகச் செய்துகொண்ட கல்யாணம். இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டார்கள். என் அம்மா ஐந்து மைல் தள்ளித்தான் இருந்தாள், ஆனால் பஸ்ஸில் எதிரே பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை எங்கள் சமையல் நாள் ஆயிற்று. காலையில் சந்தை, பிறகு பொழுதுக்கும் அடுப்பு. ஒரு வாரத்துக்கான கொள்ளுப் பருப்பு, கீரை கடைசல், தட்டைப்பயறுக் குழம்பு எல்லாம் செய்து, ஆறவைத்து, சின்னச் சின்ன எவர்சில்வர் டப்பாக்களில் போட்டு, ஐஸ் பெட்டிக்குள் அடுக்குவோம். எது தாங்கும், எது தாங்காது என்று கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றோம். உருளைக்கிழங்கு பஞ்சாகிவிடும். சௌசௌ தண்ணீர் விட்டுக்கொள்ளும். தேங்காய் அரைத்து ஊற்றியது திரிந்தமாதிரி ஆகும். பருப்பும் பயறும் எத்தனை நாள் கிடந்தாலும் அசையாது. டப்பாவை வாய்வரை நிரப்பினால் உறையும்போது உப்பி மூடியைத் தள்ளும். ஏழாம் வகுப்புக்கு நான் நடத்தும் பாடம்தான் அது. அதை நானே மறந்து இரண்டு மூடிகளைக் கெடுத்தேன். "டீச்சருக்கே இப்படின்னா, படிக்கற புள்ளைங்க கதி என்னாகறது?" என்று அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே கேலி பேசுவார். வாரத்தில் நாங்கள் வாய்விட்டுப் பேசிக்கொண்ட நாள் அதுதான். மற்ற ஆறு நாளும் ஒரு டப்பாவை எடுத்துக் கொதிநீரில் வைத்து, தாளித்துக் கொட்டி, சாமைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்கினோம். எனக்கு ரத்தம் ஊறியது. மூன்றாம் வருடம் குழந்தையும் தங்கியது.

தையில் பிறக்கும் என்றார்கள். தை என்றால் காப்பிப் பறிப்பு உச்சத்தில் இருக்கும் சமயம். ரைட்டருக்கு அரைநாள்கூட லீவு கிடையாது. பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் பத்தியம் போட வேண்டும், அம்மா வீடு எனக்கு இல்லை. இந்த ஒரு கவலைதான் ராப்பகலாக என்னைத் தின்றது. எல்லாப் பெண்களுக்கும் கிடைக்கிற அந்த நாற்பது நாள் எனக்கும் வேண்டும் என்று வெட்கமில்லாமல் ஆசைப்பட்டேன்.

குளிருக்கு ஒரு குல்லா பின்னலாம் என்று நூல் வாங்கி வந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் பதறிப்போனாள். "ஐயோ, பொறக்கறதுக்கு மின்னாடி எதையும் வாங்கி வெக்கக் கூடாதுங்க டீச்சர். தொட்டிலு, துணி ஒண்ணும் ஆகாதுங்க." அறிவியல் டீச்சர் மூடநம்பிக்கைக்கு இடம் கொடுக்கலாமா என்று எனக்குள் ஒருத்தி சண்டைக்கு நின்றாள். இன்னொருத்தி நூலைப் பெட்டிக்கடியில் போட்டாள். ஆனால் என் மூளை சும்மா இருக்குமா? துணி கூடாது, தொட்டில் கூடாது. குழம்பு கூடாது என்று யாரும் சொல்லவில்லையே!

சும்மா கேட்பதுபோல அவளிடமே பக்குவம் கேட்டுக்கொண்டு, பூண்டுக் குழம்பும் மிளகுக் குழம்பும் செய்தேன். பால் நன்றாக ஊற வேண்டும் என்று எல்லாவற்றிலும் பூண்டை உரித்து உரித்துக் கொட்டினேன். தண்ணீர் சேர்க்காமல் கெட்டியாகச் சுண்டவைத்து, மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் பதினைந்து டப்பாக்களை நிரப்பினேன். ஐஸ் பெட்டியில் அதற்குமேல் இடம் இல்லை. ஒவ்வொரு மூடியிலும் பிளாஸ்திரி ஒட்டி 1, 2, 3 என்று நாள் எண்ணை எழுதினேன். மீதி இருபத்தைந்து நாளை எப்படியாவது சமாளிக்கலாம் என்றேன். அவர் சிரித்தார். ஐஸ் பெட்டியைச் சாத்தும்போது, என் அம்மாவே உள்ளே உட்கார்ந்திருப்பதுபோல் எனக்கு நிம்மதியாக இருந்தது.

மார்கழி பிறந்து சில நாளில் வயிற்றில் அசைவு நின்றுபோயிற்று. அன்று பகல் முழுக்க நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை. சேலத்து ஆஸ்பத்திரியில் பெற்றேன். பெண். தலை நிறைய முடி. ஒரு தரம் காட்டினார்கள், அவ்வளவுதான். பால் வற்ற மார்பை இறுகக் கட்டி நான்காம் நாள் அனுப்பிவைத்தார்கள். அடிவாரத்தில் பஸ் ஏறியபோது என் வயிறு இன்னும் மேடிட்டே இருந்தது. உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் சட்டென்று எழுந்து, "வவுத்துப் புள்ளைக்காரி, சன்னலோரம் உக்காரு சாமி, காத்து வரும்" என்று இடம் கொடுத்தாள். நான் உட்கார்ந்தேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி மலை ஏறும்வரை நின்றார்.

மறுநாள் காலை எனக்கு ஏதாவது வைத்துக்கொடுக்கலாம் என்று பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். பால் இருக்கிறதா என்று ஃபிரிட்ஜைத் திறந்தவள், ஐஸ் பெட்டியையும் திறந்து பார்த்துவிட்டாள். மூடிகளில் இருந்த எண்களைப் படித்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. படுக்கையிலிருந்து நான் அவள் முகத்தையே பார்த்தேன். "நீ சொன்னதக் கேக்காம மின்னாடியே செஞ்சு வெச்சுட்டேன் அம்மிணி. அதனாலதான் இப்படியாயிருச்சா?" படித்த படிப்பெல்லாம் எங்கோ போயிருந்தது. உண்மையாகவே கேட்டேன்.

அவள் ஒரு டப்பாவை உருவி எடுத்தாள். பிறகு, "துணிமணி வாங்கறதத்தானுங்க ஆகாதுன்னு சொல்றது. சோறு புள்ளைக்குங்களா? பெத்தவளுக்குத்தானுங்களே. அதுக்கெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றாள். பொய்தான் சொன்னாள் என்று இன்றும் நினைக்கிறேன். அந்தப் பொய்க்காக அவளுக்குக் கோயில் கட்டலாம். முதல் டப்பாவைச் சுடவைத்து, அதிலிருந்த பூண்டை ஒவ்வொரு பல்லாகப் பொறுக்கி எடுத்துவிட்டு, எனக்குச் சோறு பிசைந்து கொடுத்தாள்.

இப்படியே ஒரு நாளுக்கு ஒரு டப்பா. அடுப்படிப் பக்கம் போகாதே என்று சொல்லிவிட்டு, காலையில் அவரே எடுத்துச் சுடவைத்துத் தந்துவிட்டு மஸ்டருக்குப் போவார். அவரும் பூண்டைப் பொறுக்கக் கற்றுக்கொண்டார். அம்மா வருவாள் என்று ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் காது கொடுத்தேன். வரவில்லை. டப்பாக்கள் குறையக் குறைய எனக்குப் பயமாக இருந்தது. அவை இருக்கும்வரை நான் பிள்ளை பெற்றவள். தீர்ந்துவிட்டால் பழையபடி பஸ் பிடிக்க ஓடும் டீச்சர். அவ்வளவுதானா என் மகள் என்று இருக்கும்.

அவர்மேல் வேறு கோபம். ஞாயிற்றுக்கிழமையும் பறிப்பு இருக்கிறது என்று காலையிலேயே கிளம்பிப் போய்விட்டார். எங்கள் சமையல் நாள், எங்கள் பேச்சு நாள், அன்றைக்குக்கூட வீட்டில் இருக்க முடியவில்லையா? இரண்டாம் ஞாயிறு என்னால் அடக்க முடியவில்லை. "என் மூஞ்சியப் பாக்கப் புடிக்கலீன்னா சொல்லிப்போட்டுப் போங்க. எதுக்குங்க எஸ்டேட்டு மேல பழி போடறீங்க?" என்று கத்தினேன். அவர் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கல்நெஞ்சுக்காரர் என்று அன்று முழுக்க வைதுகொண்டு கிடந்தேன்.

பதினைந்தாம் டப்பா முடிந்த மறுநாள் காலை, இனி என்ன பத்தியம் என்று நானே எழுந்து அடுப்படிக்குப் போனேன். அவர் மஸ்டருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். காலி ஐஸ் பெட்டியைத் துடைக்கலாம் என்று திறந்தால், உள்ளே டப்பாக்கள். புதுப் பிளாஸ்திரி. 16, 17, 18 என்று ரைட்டர் கையெழுத்து, மஸ்டரில் எழுதுகிற அதே சாய்ந்த எண்கள். இருபத்து நான்கு வரைக்கும் இருந்தது.

"ஏனுங்க, இது யாரு செஞ்சது?"

"நாந்தான். பக்கத்து ஊட்ல, அந்தப் புள்ளை கூட இருந்து சொல்லிக் குடுத்துச்சு. ரெண்டு ஞாயித்துக்கெழமையும் அங்கதான் இருந்தேன்." குற்றவாளிபோல் நின்றார். "நாப்பது நாளுன்னு நீதானே சொன்ன. மீதிய யாரு போடறது?"

பதினாறாம் டப்பாவைத் திறந்தேன். மிளகுக் குழம்பு. மேலாக உறைந்திருந்த எண்ணெயைக் கரண்டியால் விலக்கிப் பார்த்தேன். கொஞ்சம் அடிப்பிடித்த வாசனை. ஏதோ குறைந்தது.

"பூண்டு போடலீங்களா?"

அவர் ஸ்வெட்டரின் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். "குடிக்கறதுக்கு ஆளில்லையே, புள்ள" என்றார்.

சொன்னவர் அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டார். குழந்தை போனதிலிருந்து அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன். வெளியே முதல் பஸ் போனது. அவர் மஸ்டருக்குப் போகவில்லை. பிறகு எழுந்து சோறு வடித்து, பதினாறாம் நாள் பத்தியத்தை இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம்.