கிளட்சை ஏன் இரண்டு தடவை மிதிக்கிறேன்

டவுன் பஸ் ஓட்டுகிறவனுக்கு ஊரில் பாதிப் பேரைத் தெரிந்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது கண்டக்டருக்குத்தான் பொருந்தும். எனக்குத் தெரிந்ததெல்லாம் தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் விழுகிற முகங்கள். அவர்கள் யார், என்ன வேலை, இறங்கிய பிறகு எந்தத் தெருவுக்குள் போகிறார்கள், எதுவும் தெரியாது. முதுகுக்குப் பின்னால் கல்யாணமே பேசி முடித்தாலும் எனக்குச் சத்தம்தான் வந்து சேரும்.

நான் முன்பு வெளியூர் வண்டி ஓட்டியவன். இடுப்பு வலி வந்ததால் டவுன் பஸ் கேட்டு வாங்கிக்கொண்டேன். தென்காசியில் எடுத்து, மேலகரம், குற்றாலம் வழியாக ஐந்தருவி வரை போய்த் திரும்ப வேண்டும். சின்ன வழிதானே, இனி சுகம் என்று நினைத்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, இடுப்புக்குப் பதிலாக இடது முழங்காலைக் கொடுத்திருக்கிறேன் என்று. வெளியூர் ரோட்டில் டாப் கியரில் போட்டால் அடுத்த ஊர் வரை காலுக்கு ஓய்வு. இங்கே இருபதடி நகர்ந்தால் கிளட்ச், நின்றால் கிளட்ச். சீசன் நாட்களில் கேட்கவே வேண்டாம். சாரலில் ரோடு எண்ணெய் பூசியதுபோல வழுக்கும். உடம்பெல்லாம் எண்ணெய் பூசிய மனிதர்கள் அந்த ரோட்டைக் கடப்பார்கள். ஒருவர் சீயக்காய்த் தூள் கண்ணுக்குள் போய்விட்டதென்று கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையை முன்னால் நீட்டியபடி என் பம்பரைத் தடவிப் பார்த்துவிட்டு நடந்து போனார். ஈரத் துண்டோடு ஏறுகிறவர்களால் மாலைக்குள் எல்லா சீட்டும் நனைந்துவிடும்.

நான் சொல்ல வந்தது சீசன் ஓய்ந்த பிறகு நடந்தது. அருவியில் தண்ணீர் நூலாகிவிட்டிருந்தது. சிப்ஸ் கடைக்காரர்கள் ஸ்டூலில் உட்கார்ந்து போன் பார்க்கிற மாதம். அப்போதுதான் கண்ணாடியில் ஒரு புது முகம் விழுந்தது. ஒரு பெண், நாற்பது வயது இருக்கலாம். காலை டிரிப்பில் மேலகரத்தில் ஏறுவார். முன் கதவுக்குப் பக்கத்தில், இன்ஜின் மூடியை ஒட்டி இருக்கும் ஒற்றை சீட்டுக்கு வருவார். அதில் ஆள் இருந்தால் எழும்வரை நிற்பார்.

முதலில் கவனித்தது கண்டக்டர்தான். என்னைவிட நாலைந்து வயது இளையவர், எதையும் துருவுகிறவர்.

"அண்ணாச்சி, அந்த அம்மா எங்கயும் எறங்க மாட்டேங்கா. ஐந்தருவி வரைக்கும் வாரா, அப்படியே இருந்து திரும்ப மேலகரம் போறா."

"கோயிலுக்கு வந்திருப்பா."

"கோயிலுக்கு வந்தா எறங்கணும்லா? பொம்பளையளுக்கு ஃப்ரீ டிக்கெட்டுன்னு சும்மா ஊரு சுத்துதாளோ?"

"ஊரு சுத்துதவ சன்னல் வழியால்லா பாக்கணும்?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. அவர் சன்னலைப் பார்ப்பதே இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் சோதித்தேன். கண்ணாடியில் பார்த்தபோது அவர் தலை குனிந்திருந்தது. நேரே திரும்பிப் பார்த்தபோது, சட்டென்று வெளியே பார்த்தார். இது என் நிம்மதியைக் கெடுத்தது. கண்டக்டர் இன்னொரு யோசனை சொன்னார். "டீசல் மிச்சம் பிடிக்கீயளான்னு பாக்க ஆபீஸ்ல ஆள் விட்டிருப்பாவளோ?" அது எனக்குச் சரியாகப் பட்டது. அன்று முதல் ஸ்டாப் பலகைக்கு நேராகவே வண்டியை நிறுத்தினேன். ஹாரனைக் குறைத்தேன். தினமும் ஏறுகிற பூக்காரம்மா ஒருவர், "என்ன அண்ணாச்சி, இன்னைக்கு ஸ்டாப்புலயே நிக்கீய? ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "ஒங்களையா பாக்குதா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள், நான் கை கழுவி வந்து உட்கார்ந்த பிறகும் சிரித்துக்கொண்டிருந்தாள். "எதுக்குன்னு அவகிட்டயே கேட்டா என்ன?" என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை. பயணிகளிடம் பேசிப் பழக்கமில்லாத வேலை இது.

ஆனால் கேட்டது நானல்ல. ஐந்தருவியில் வண்டி நின்றிருந்தது. கண்டக்டர் டீ குடிக்கப் போயிருந்தார். உள்ளே நாங்கள் இருவர் மட்டும். அவர் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, எப்படியோ துணிந்து பேசினார்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டா? கியர எறக்கும்போது கிளட்ச்ச ரெண்டு தடவ மிதிக்கீய. அது ஏன்?"

நான் என் காலைக் குனிந்து பார்த்தேன். "ரெண்டு தடவயா மிதிக்கேன்?"

"ஆமா. ஒருக்கா மிதிச்சு விடுதீய, பொறவு மிதிக்கீய. கியர ஏத்தும்போதும் ரெண்டுதான்."

இத்தனை வருஷமாக என் கால் செய்கிற ஒரு காரியத்தை அன்றுதான் கேள்விப்படுகிறேன். அவர் சொன்ன மற்றதும் எனக்குப் புதிது. அவருடைய கணவர் சொந்தமாக வேன் வைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியவர். சர்க்கரை கண்ணுக்கு ஏறிவிட்டது, இனி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வைத்த டிரைவர்கள் யாரும் நிலைக்கவில்லை. வேன் வீட்டு வாசலில் நிற்கிறது. இவர் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து கற்று லைசென்சும் எடுத்துவிட்டார்.

"அங்க கார்லதான் சொல்லிக் குடுத்தாவ. வேன் அப்படி இல்ல அண்ணாச்சி. குலுங்கிக் குலுங்கி நின்னுருது."

"வீட்டுக்காரர் சொல்லித் தரலாம்லா?"

"அவுக சொல்லிக் குடுத்தா சண்டைதான் வருது. நான் கிளட்ச்ச விடுததுக்குள்ள கத்திருதாவ."

எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. இத்தனை டவுன் பஸ் ஓடுகிறது, என் வண்டியைத் தேடி வந்திருக்கிறாரே. அதையும் கேட்டே விட்டேன்.

அவர் தயங்கினார். "மத்த வண்டியில டிரைவர் சீட்டுக்குச் சைடுல தகரம் அடிச்சிருக்கு, டிரைவர் காலு தெரியாது. ஒங்க வண்டியிலதான் தகரம் இத்துப் போயிட்டு. நல்லாத் தெரியுது."

இதைக் கண்டக்டரிடம் சொன்னபோது அவர் சிரித்துச் சிரித்து டீக்கடை பெஞ்சிலிருந்து விழாத குறை.

அதன் பிறகு வந்த தொல்லைதான் பெரிது. கால் என்ன செய்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்க அது ஒழுங்காகச் செய்யவில்லை. இப்போது மிதிக்க வேண்டுமா, விட வேண்டுமா என்று என்னைக் கேட்டது. எனக்கோ தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, முந்தின நாள் மழை பெய்து அருவியில் தண்ணீர் திரும்ப வந்திருந்ததால் நல்ல கூட்டம். குற்றாலத்து மேட்டில், கடைகளுக்கு நடுவே, மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போது காலை நினைத்தேன். கியர் கரகரவென்று கத்தியது. வண்டி இரண்டு தடவை எம்பிக் குதித்து நின்றுவிட்டது. யாரோ வாங்கி வைத்திருந்த ரம்புட்டான் பை கவிழ்ந்து பழமெல்லாம் முன்னால் உருண்டு வந்தது. "புது டிரைவரா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கண்டக்டர் கம்பியில் மோதிய நெற்றியைத் தடவிக்கொண்டு என்னையே பார்த்தார்.

ஒற்றை சீட்டிலிருந்து மெதுவாகக் கேட்டது: "என்னாலயா அண்ணாச்சி?"

"இல்லம்மா. கால நெனச்சேன். அது மறந்து போச்சு."

அன்று மாலை வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டேன். மூன்று செருப்புகளைத் தரையில் வரிசையாக வைத்தேன், கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர். மனைவி அடுக்களை வாசலில் நின்று, "ரைட், போலாம்" என்றாள். கண்ணைத் திறந்துகொண்டு செய்தால் வரவில்லை. கடைசியில் கண்ணை மூடி, இன்ஜின் சத்தத்தைத் தொண்டைக்குள் உறுமிப் பார்த்தேன். உறுமல் இறங்கியதும் இடது கால் தானாக எழுந்தது. மிதித்தது, விட்டது, மறுபடி மிதித்தது. மறுபடியும் உறுமினேன். அதே மாதிரி. என் கால் கண்ணைக் கேட்டு நடக்கவில்லை, காதைக் கேட்டுத்தான் நடக்கிறது. மனைவி சிரிப்பதை நிறுத்திவிட்டு, "இன்னொருக்கா செய்ங்க, பாப்போம்" என்றாள்.

இரண்டு தடவை ஏன் என்பதும் அன்று படுத்திருந்தபோது பிடிபட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கொடுத்த வண்டி அரதப் பழசு. ஒரே மிதியில் கியர் விழாது, பல்லைக் கடிக்கும். அந்த வண்டி எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும். கால் மட்டும் இன்னும் அதைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறது. மறுநாள் வேண்டுமென்றே ஒரே மிதியில் போட்டுப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி விழுந்தது. அடுத்த கியருக்கு, நான் கவனிப்பதற்குள், கால் பழையபடி இரண்டு தடவை மிதித்துவிட்டது.

அவரிடம் இதைச் சொன்னேன். "என் காலப் பாத்துப் படிக்காதீய. அதுல பாதி தேவையில்லாதது. கண்ண மூடிக்கிட்டு சத்தத்தக் கேளுங்க."

அன்றிலிருந்து அவர் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். பார்க்கிறவர்கள் தூக்கம் என்று நினைத்திருப்பார்கள். சத்தம் கனக்கும்போது உதடு அசையும். "இப்ப ரெண்டு" என்பார். சில சமயம் தப்பு, ஐந்தருவி ரோட்டுத் திருப்பத்தில் மட்டும் பெரும்பாலும் சரி. ஒரு நாள் நான் மாற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டார். நான் ஒரு நொடி தாமதித்துவிட்டேன் என்பது வண்டி திணறிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கும் இது ஒரு பழக்கமாகிவிட்டது. இந்தப் பஸ் என்னென்ன சத்தம் போடும் என்று கேட்டுக்கொண்டே ஓட்டினேன். ஆட்கள் நிறைந்தால் ஒரு சத்தம், ஈரத்தில் ஒரு சத்தம், மேலகரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறங்கிய உடனே இன்னொரு சத்தம். அத்தனை வருஷமும் அது என் காதுக்குள்தான் இருந்திருக்கிறது.

பிறகு ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. "கத்துக்கிட்டாளோ, விட்டுட்டாளோ" என்றார் கண்டக்டர். வீடு எங்கே என்று நாங்கள் கேட்டு வைத்திருக்கவில்லை. எதிரே வருகிற ஒவ்வொரு பள்ளிக்கூட வேனிலும் டிரைவர் சீட்டைப் பார்த்தேன். எல்லாம் மீசைகளாகவே இருந்தன.

பொங்கல் கழிந்து, பாலம் வேலைக்காக மெயின் ரோட்டை அடைத்து, எங்களை இலஞ்சிப் பக்கம் வயல் ரோட்டில் திருப்பிவிட்டார்கள். ஒரு வண்டி போகிற அகலம்தான். ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் நெல். பாதி தூரம் போன பிறகு எதிரே மஞ்சள் வேன் ஒன்று வந்து நின்றது. என் பின்னால் இரண்டு கார், ஒரு டிராக்டர். பின்னால் போக எனக்கு வழியில்லை. வேனுக்குப் பின்னால் காலியாக இருந்தது, ஆனால் தோப்பு வாசல் வரை போனால்தான் ஒதுங்க முடியும். நல்ல தூரம், நடுவில் ஒரு வளைவு.

டிரைவர் சீட்டில் அவர்.

பக்கத்து சீட்டில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர், இரண்டு கையாலும் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயை இறுக மூடியிருந்தார். கணவராகத்தான் இருக்க வேண்டும். பின்னால் நிறைய ரிப்பன் தலைகள்.

"நான் எறங்கி பின்னால பாத்துச் சொல்லட்டா அண்ணாச்சி?" என்றார் கண்டக்டர்.

"இரும். பாப்போம்."

எனக்குப் பயமாகவும் இருந்தது, பார்க்கவும் ஆசையாக இருந்தது. வேன் மெல்லப் பின்னால் நகர்ந்தது. நின்றது. கொஞ்சம் முன்னால் வந்து நேராக்கிக்கொண்டு மறுபடி நகர்ந்தது. வளைவில் பின் சக்கரம் வாய்க்கால் கரைப் புல்லை நசுக்கியது. என் பஸ்ஸில் நாலைந்து பேர் எழுந்து நின்று, "ஸ்டியரிங்க ஒடி! ரைட்டுல ஒடி!" என்று அவருக்குக் கேட்காத சத்தத்தில் கத்தினார்கள். அவர் நிறுத்தி, ஸ்டியரிங்கைச் சுற்றி, புல்லிலிருந்து சக்கரத்தை எடுத்தார். அவசரமே படவில்லை. பின்னால் டிராக்டர்காரர் ஹாரனை விடாமல் அடித்தார். வேன் தோப்பு வாசலுக்குள் பின்பக்கமாக நுழைந்து நின்றபோது, பிள்ளைகள் கை தட்டினார்கள். என் வண்டியிலும் யாரோ தட்டினார்கள்.

பக்கத்தில் போனதும் நிறுத்தினேன்.

"ரிவர்ஸ் எங்க படிச்சீய? நம்ம ரூட்டுல நான் பின்னால எடுக்கதே கெடையாதே?"

நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டே சொன்னார், "எங்க வீட்டுக் காம்பவுண்டு சுவருதான் சொல்லிக் குடுத்துச்சு."

"சுவரு போச்சு அண்ணாச்சி" என்றார் கறுப்புக் கண்ணாடிக்காரர், நான் இருக்கும் திசைக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்து. "வாசக் கதவும் போச்சு. ஆனா வேனுக்கு ஒரு கீறல் இல்ல." இறுக்கம் விட்டுச் சிரித்தார். அவர் மனைவியும் சிரித்தார்.

இன்னும் கேட்க நிறைய இருந்தது. பிள்ளைகளோடு அந்த வேன் என்ன சத்தம் போடுகிறது, மழையில் எடுத்துப் பார்த்தாரா, எந்தத் தெரு. டிராக்டர்காரர் விடவில்லை. கண்டக்டர் விசிலை ஊதிவிட்டார்.

தென்காசி பஸ் நிலையத்துக்குள் நுழையும்போது நேரம் தப்பியிருந்தது. நேரக் காப்பாளர் கூண்டுக்குள்ளிருந்து, "ஏன் லேட்டு?" என்றார்.

"ஒரு வேன் ரிவர்ஸ் எடுத்துச்சு" என்றேன்.

"அதுக்கா இவ்வளவு நேரம்?"

"பாக்க நல்லாருந்துச்சு."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்காரரைக் கூப்பிட்டார். டீ குடிக்க நேரமில்லை. முன் கதவில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஐந்தருவிக்கு வண்டியை எடுத்தேன்.