பாகற்பிஞ்சைச் சுட்டிய விரல்

தோழிகளே, நம் பெஞ்சில் கைமாறும் இந்த நோட்டு இன்று என் முறைக்கு வந்திருக்கிறது. எல்லோரும் தூங்கிய பிறகு, சிம்னி விளக்கைச் சிறிதாக்கி வைத்து எழுதுகிறேன். அப்பா இருமும்போதெல்லாம் நோட்டு பாயின் அடியில் போய்விடுகிறது.

விரல் நீட்டிக் காட்டினால் பிஞ்சு வெம்பி உதிர்ந்துவிடும் என்று ஸ்டெல்லா சத்தியம் செய்தாள் அல்லவா? நம்பினேன். பாகற்காய் என்றாலே எனக்கு ஆகாது. பங்குனி பிறந்து, அப்பா பின்புறம் போட்ட பந்தலில் பாகற்பிஞ்சுகள் தொங்கத் தொடங்கியதும், தினமும் காலையில் போய் ஒவ்வொன்றையும் விரல் நீட்டிக் காட்டினேன்.

இன்று மாலை அப்பா கூப்பிட்டார்.

“இங்க வாம்மா. தினம் காலையில பந்தல்கிட்ட நின்னு இன்னா பண்றே?”

காட்டிய விரலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவர் ஆசையாக வளர்த்த கொடி.

“சும்மா பார்த்தேம்பா.”

அவர் அம்மாவிடம் நிறைந்த கூடையைக் காட்டினார். “போன வருசம் பாதி உதிர்ந்துச்சு. இப்ப பாரு, ஒண்ணுகூட உதிரல. நம்ம மர்பி டவுன்ல யார் வீட்லயும் இப்படிக் காய்க்கல. எல்லாம் எம்பொண்ணு பார்வை பட்ட ராசி.”

“இவளுக்குப் பாவக்கா மேல இவ்ளோ ஆசைன்னு தெரியாம போச்சே,” என்றாள் அம்மா. “நாளைக்கு டிபன் டப்பாவுலயும் அதையே வெக்கிறேன்.”

அப்பா உடனே அடுத்த பந்தலுக்குக் குழி வெட்டத் தொடங்கிவிட்டார்.

உண்மையைச் சொன்னால் அடி. சொல்லாவிட்டால் பாகற்காய். எது மேல் என்று கீழே எழுதுங்கள். ஸ்டெல்லா மட்டும் எழுத வேண்டாம். நாளை மதியம் அவள் டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டு என்னுடையதை வாங்கிக்கொண்டால் போதும்.